ஒருக்களித்து உட்கார ஒரு மழைக்கோட்டு

இப்போதெல்லாம் மனுஷனுக்கு எதைச் செய்வதற்கும் ஒரு வேஷம் வேண்டியிருக்கிறது என்பது சுப்புராயனின் தீராத எரிச்சல். நடக்கப் போகிறவனுக்கு அதற்கென்று ஒரு செருப்பு, ஒரு அரை நிஜார். சைக்கிள் மிதிக்கிறவனுக்கு தர்பூசணியைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தது போல ஒரு தொப்பி. மழை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். நாலு தூற்றல் விழுந்ததும் பைக்கில் போகிறவன் அத்தனை பேரும் மேம்பாலத்துக்குக் கீழே ரோட்டை அடைத்து வண்டியை நிறுத்துகிறான். பையிலிருந்து ஒரு கால்சட்டையை உருவுகிறான். நடு ரோட்டில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்று அதை மாட்டுகிறான். பின்னால் வருகிற பஸ்காரன் ஆரன் அடித்தே ஓய்ந்துபோகிறான். மழை என்ன நெருப்பா? நனைந்தால் காயாதா?

இதை சுப்புராயன் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் இந்த ஐப்பசியில் கொஞ்சம் குரலை அடக்கித்தான் சொன்னார். காரணம், முதல் பெருமழையில் அவர் மனைவி தனபாக்கியம் நனைந்தாள். லேசில் காயவில்லை.

பாக்கியத்துக்கு வேலை, பச்சைக் குழந்தைகளை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது. மயிலாப்பூரில் பிள்ளை பெற்ற வீடுகளில் பாதிக்கு அவளைத் தெரியும். காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் குழந்தையைப் போட்டு, கழுத்தைத் தாங்கிப் பிடித்து அவள் தண்ணீர் ஊற்றினால் அழுகிற குழந்தைகூட யோசிக்கும். இந்த மாதம் மயிலாப்பூரில் ஒரு வீடு, அடையாறு காந்தி நகரில் ஒரு வீடு. குழந்தை பால் குடிப்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். முழங்கால் பிடித்துக்கொண்டபின் பஸ் படி ஏற முடியவில்லை. ஆட்டோவில் போனால் சம்பாதிப்பது ஆட்டோவுக்கே சரியாகிவிடும். ஆகவே சுப்புராயனின் பழைய பைக்கில், பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து போவாள். கல்யாணமான புதிதில் அவர் ஓட்டிய சைக்கிள் கேரியரில் அப்படித்தான் உட்கார்ந்தாள். அது அப்படியே பைக்குக்கும் வந்துவிட்டது.

அன்றைக்கு மழை வருமென்று தெரிந்தே சுப்புராயன் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பார்சல் லாரி ஆபீசில் மூட்டை ஏற்றியே காலம் போன மனுஷர் அவர். மழைக்கு அவர் நம்புவது ஒன்றே ஒன்று, தார்ப்பாய். அதில் ஒரு துண்டை வெட்டி, பாக்கியத்தைத் தலைமுதல் கால்வரை சுற்றி, கயிறு போட்டு ஏற்றினார். தெருவே சிரித்தது. அவர் லட்சியம் பண்ணவில்லை. பட்டினப்பாக்கம் வரை நன்றாகத்தான் போனது. அங்கே கடல்காற்று தார்ப்பாய்க்குள் புகுந்தது. வண்டி அரை ரோட்டைத் தாண்டி மீன் கடைகள் பக்கம் ஓடியது. மீன்காரப் பெண்மணி ஒருத்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"யோவ் பெரிசு, பாய்மரம் கட்டிக்கினு கடலுக்கா போற?"

தார்ப்பாயை அங்கேயே அவிழ்த்துப் போட்டுவிட்டு, கொட்டுகிற மழையில் பாக்கியம் அடையாறு போய்ச் சேர்ந்தாள். புடவை உடம்போடு ஒட்டி, பல் தந்தியடிக்க நின்றவளிடம் அந்த வீட்டுக்காரர்கள் குழந்தையைக் கொடுக்கவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்கள், இன்னைக்கு வேண்டாம்மா, நீங்க போயிட்டு வாங்க என்று. பாக்கியத்துக்கு அந்த மரியாதைதான் சுட்டது. சாயங்காலம் காய்ச்சல். அப்புறம் நெஞ்சுச் சளி. அப்புறம் ஆஸ்பத்திரி.

நங்கநல்லூரிலிருந்து மகள் மேகலா வந்தாள்.

"நைனா, அம்மாவ இனிமே மழைல உன் வண்டில ஏத்தாத. பொங்கல் வரிக்கும் எங்க வீட்ல இருக்கட்டும்."

"தாராளமா கூட்டிகினு போ. எனக்கு இன்னா சோறு ஆக்கத் தெரியாதா?" என்றார் சுப்புராயன்.

வாய் இப்படிச் சொல்லிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பாக்கியத்தின் துணி மடித்து வைத்த பையைப் பார்த்ததும் அதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார். பொங்கல் வரை என்பார்கள். அங்கே போனால் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு விட ஆள் வேண்டும், மகளுக்குக் கைவேலைக்கு ஆள் வேண்டும். பொங்கல் போய் சித்திரை வரும். சுப்புராயன் டீக்கடையில் மழைக்கோட்டு போடுகிறவர்களை இன்னும் கொஞ்சம் திட்டினார்.

பாக்கியம்தான் மகளிடம் தவணை வாங்கினாள். "ஞாயித்துக்கெழம வா. அதுக்குள்ள நனையாத மாதிரி ஒரு கோட்டு கெடச்சா நான் இங்கியே கீறேன். கெடைக்கலன்னா உன் கூட வரேன்."

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் தியாகராய நகருக்குப் போனார்கள். வெங்கட்நாராயணா ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், பைக் ஓட்டுகிறவர்களுக்கான உடுப்பு விற்கிற கடை. வாசலில் தலையில்லாத பொம்மைகள் கோட்டு மாட்டிக்கொண்டு நின்றன. சுப்புராயனுக்கு அதுவே பிடிக்கவில்லை. தலையில்லாதவன்தான் இங்கே வாங்குவான் போலிருக்கிறது என்றார், உள்ளே கேட்கிற மாதிரி.

கல்லாவில் முதலாளி சண்முகசுந்தரம். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நெற்றி நிறையத் திருநீறு.

"வாங்க அண்ணாச்சி. என்ன பாக்கணும்?"

"மழைல நனையாத ஒண்ணு வேணும். நனைஞ்சா கொண்டாந்து திருப்பிக் குடுப்பேன்."

"நனைஞ்சத நாங்க எடுத்துக்கிட மாட்டோமே."

"அப்ப நனையும்னு நீயே சொல்ற."

சண்முகசுந்தரம் சிரித்துக்கொண்டு, "பூஜா, அண்ணாச்சிய கவனிம்மா" என்றார். பூஜா என்கிற பெண் வந்தாள். கடையில் விற்பனைக்கு நிற்பவள். முடியை ஏற்றிக் கட்டி, காலில் கனமான பூட்ஸ் போட்டிருந்தாள்.

"கோட்டு உங்களுக்கா அங்கிள்?"

"எனக்கு எதுக்கு? நான் இன்னா சக்கரையா, கரைஞ்சி போவ? இவளுக்கு."

பூஜா முதலில் எடுத்துக் காட்டியது கழுத்து வழியாக மாட்டி உடம்பெல்லாம் தொங்குகிற ஒரு நீலப் போர்வை. சுப்புராயன் கையால்கூடத் தொடவில்லை.

"இது பாய்மரம். பாத்தாச்சி. வேற எடு."

"ஆமா அங்கிள், வண்டியில போறப்ப இது சக்கரத்துல மாட்டும். நடக்கறவங்களுக்குத்தான் சரி."

"பின்ன இன்னாத்துக்கு முதல்ல இத எடுத்த?"

"விலை கம்மி. நிறையப் பேரு இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

அடுத்தது, விழுந்தால் அடிபடாமலிருக்கத் தோளிலும் முழங்கையிலும் கெட்டித் திண்டு வைத்துத் தைத்த ஒரு கனத்த ஜாக்கெட். பாக்கியம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பிறந்த குழந்தையைவிடக் கனமாக இருக்கிறதே என்றாள்.

"இதுல வெளித்துணி நனையும் அங்கிள். உள்ள ஒரு லைனர் இருக்கு, அது தண்ணிய உடம்புக்கு விடாது."

"வெளிய நனையும்னு சொல்லியே விக்கிற. நல்ல மனசும்மா உனக்கு."

"உடம்பு நனையாது இல்ல."

"துணி நனைஞ்சி ஊறி அந்தக் கனத்த எவ சொமக்கறது? இவ கொழந்த குளுப்பாட்டப் போறா, மூட்ட தூக்க இல்ல."

மூன்றாவதாக வந்தது மேல்கோட்டும் பேன்ட்டுமாக இரண்டு உருப்படி. லேசான துணி. கரும்பச்சை. பூஜா அதை உள்பக்கம் வெளியே திருப்பி, தையல் போன இடத்திலெல்லாம் மேலே ஒட்டியிருந்த மெல்லிய பட்டையைக் காட்டினாள்.

"தண்ணி துணி வழியா வராது அங்கிள். தையல் ஓட்டை வழியாத்தான் வரும். அதான் எல்லாத் தையலுக்கும் மேல டேப்பு."

"ஒட்டினது உரியும்."

"ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"நீ பாத்தியா? உனக்கே வயசு இன்னா ஆவுது? சரி, தண்ணி கொண்டா."

"குடிக்கவா?"

"ஊத்த."

கடையில் இருந்த மற்ற ஆட்களும் இப்போது திரும்பிப் பார்த்தார்கள். கோட்டின் கையை முனையில் முறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அதற்குள் ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்க ஊற்றினார் சுப்புராயன். பூஜா சலிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டின் கை பலூன்போல உப்பித் தொங்கியது. சுப்புராயன் குனிந்து, கண்ணைத் தையலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், எங்கே சொட்டும் எங்கே சொட்டும் என்று காத்திருந்தார். சொட்டவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் புடி."

"அண்ணாச்சி, அது கோட்டு. கொடம் இல்ல" என்றார் சண்முகசுந்தரம் கல்லாவிலிருந்து.

"உன் வேலைய பாருய்யா."

இன்னும் சொட்டவில்லை. கை வலிக்கிறது என்று பூஜா சொன்னபிறகுதான் விட்டார். கையால் தடவிப் பார்த்தார். வெளியே காய்ந்துதான் இருந்தது. பூஜா தண்ணீரைக் கொட்டி, கோட்டின் கையை உள்ளும் புறமும் துடைத்து வைத்தாள்.

"புதுசு" என்றார். "புதுசுல எதுதான் ஒழுவுது? சரி, இந்தக் கோட்ட மட்டும் குடு. பேன்ட்டு வாணாம்."

"கோட்டு மட்டும் போட்டா இடுப்புக்குக் கீழ மொத்தமும் நனைஞ்சிடும் அங்கிள். அம்மா வண்டியில எப்படி உக்காருவாங்க?"

சுப்புராயன் அங்கே கிடந்த முக்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்து காட்டினார். ஒரு கையை இல்லாத தோளில் வைத்து, முழங்கால் இரண்டையும் சேர்த்து, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, பாக்கியத்தைப் போலவே இருந்தார். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூஜா சிரிக்கவில்லை. தலையை ஆட்டினாள். "அப்படி உக்காந்தா எதுவுமே தாங்காது. முன்னாடியிருந்து அடிக்கிற தண்ணி நேரா மடிக்கு வரும், குளம் கட்டும். அடியில பொடவை சேறு அடிக்கும். இதெல்லாம் ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்கார்றவங்களுக்குத்தான் தைக்கிறது."

"அப்ப பொம்பளைங்களுக்குத் தைக்கலன்னு சொல்லு."

"நானும் பொம்பளைதான் அங்கிள். தாம்பரத்துலேர்ந்து தினமும் இதப் போட்டுட்டுத்தான் வரேன்."

"நீ வேற, இவ வேற. பொடவ கட்டினவ எத்தினி கோடி பேரு கீறாங்க இந்த நாட்ல? அவங்க யாரும் மழைல வண்டியில போறதில்லையா? அவங்களுக்கு ஒரு கோட்டு தைக்கத் துப்பில்ல, டேப்பு ஒட்டிட்டாங்களாம்." முக்காலியை விட்டு எழுந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. "நான் சொல்லல? கெடையாது. வா பாக்கியம், போலாம்."

ஜெயித்துவிட்டோம் என்று எழுந்தவருக்கு, ஜெயித்தால் என்ன ஆகும் என்பது வாசல் கண்ணாடிக் கதவில் கையை வைத்தபோதுதான் உறைத்தது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. கிடைக்கவில்லை என்று அவரே வாயால் சொல்லியாகிவிட்டது. மேகலா வருவாள். அந்தப் பையில் துணி மடித்து வைத்தபடியே இருக்கிறது. கதவைத் தள்ளவும் முடியாமல் விடவும் முடியாமல் நின்றார்.

பின்னால் பாக்கியத்தின் குரல் கேட்டது. "அந்தப் பேன்ட்ட இப்டி குடும்மா."

அவள் கோட்டையும் பேன்ட்டையும், கூடவே தன் கூடைப்பையையும் எடுத்துக்கொண்டு, துணி போட்டுப் பார்க்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது சுப்புராயனுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. புடவை இல்லை. உள்ளே மேகலாவின் பழைய சுடிதார். அதற்கு மேலே கரும்பச்சைப் பேன்ட், கோட்டு, கழுத்துவரை ஜிப்பு. கொண்டை மட்டும்தான் பாக்கியம்.

"இன்னாமே இது?"

"மழைக்கோட்டு."

"சுடிதாரு ஏது?"

"மேகலா உட்டுட்டுப் போனது. வீட்லேர்ந்தே எடுத்தாந்தேன். பொடவைய பையில வெச்சிக்கினு போவேன். போற வீட்ல மாத்திக்குவேன்."

வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறாள். அவர் கோட்டுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோதும், முக்காலியில் உட்கார்ந்து காட்டியபோதும் இவளுக்கு முடிவு தெரிந்திருக்கிறது. சுப்புராயனுக்கு முகம் சூடேறியது.

"இந்த வயசுல ரெண்டு பக்கமும் கால் போட்டுகினு மயிலாப்பூர்ல போவியா? நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"கால நீட்டிப் போட்டுத்தான்யா ஊரு புள்ளைங்களையெல்லாம் குளுப்பாட்டறேன். அப்ப எந்த நாலு பேரு வந்து இன்னா சொன்னான்?"

"அது வேற."

"இன்னா வேற? அங்க தண்ணிய கால் மேல ஊத்தறேன். இங்க கால் மேல ஊத்தாத பாத்துக்கறேன்."

கடையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுப்புராயன் அவர்களைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஒருவன் கையுறை பார்க்கப் போய்விட்டான்.

"நான் ஒத்துக்க மாட்டேன்."

"நீ ஒத்துக்க வேணாம். ஓட்டு." சொல்லிவிட்டு பாக்கியம் சுருக்குப்பையைத் திறந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் கல்லாவில் பணத்தை வைத்துவிட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. "ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வரலாம் வா. நனைஞ்சா நாளைக்கே நங்கநல்லூரு போயிடறேன்."

அதற்குமேல் சுப்புராயன் என்ன சொல்ல முடியும்? வண்டியை எடுத்தார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பூஜாவின் தோளைப் பிடித்து, முழங்காலைத் தூக்கப் பட்ட பாட்டுக்கு ஒரு முனகலோடு பாக்கியம் ஏறினாள். முதல்முறையாக அவளுடைய இரண்டு முழங்கால்களும் அவர் இரண்டு பக்கத்திலும் வந்து நின்றன. சுப்புராயனுக்குக் கூச்சமாக இருந்தது. அதை மறைக்க அநியாயத்துக்கு ஆக்ஸிலேட்டரைத் திருகினார்.

வண்டி சந்தில் நாலு கட்டடம்தான் தாண்டியிருக்கும். வலது பக்கம் இழுத்தது. நிமிர்த்தினார். மறுபடி வலது பக்கம். நின்றுகொண்டிருந்த ஓர் ஆட்டோவின் பக்கத்தில் உரசாத குறையாகப் போய் பிரேக் போட்டார். ஆட்டோக்காரர் பீடியை வாயிலிருந்து எடுக்காமல் சொன்னார்.

"பெரிசு, ரோடு அந்தாண்டையும் கீதுபா."

"கோட்டு இழுக்குது. காத்தப் புடிச்சி இழுக்குது" என்றார் சுப்புராயன்.

"கோட்டு இழுக்கல. நீ சாயற" என்றது பின்னாலிருந்து பாக்கியத்தின் குரல்.

"நானா?"

"நான் எப்பவும் எடது பக்கம் பாரமா உக்காந்துகினு வருவேன். நீ வலது பக்கம் சாஞ்சிக்கினு ஓட்டுவ. இப்ப நான் நடுவுல கீறேன். நீ இன்னும் சாஞ்சிக்கினேதான் கீற."

"நான் நேராத்தான் கீறேன். ரோடு சாஞ்சி கீது."

இத்தனை வருஷமாக எந்த ஒருவனும் அவர் சாய்ந்து ஓட்டுகிறார் என்று சொன்னதில்லை. அவருக்கே தெரியாது. சைக்கிள் காலத்திலிருந்து இடது பக்கம் தொங்குகிற அந்தக் கனத்துக்கு உடம்பு தானாக ஒரு கணக்கு வைத்திருந்தது. இன்றைக்குக் கனம் இடம் மாறிவிட்டது. உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. சுப்புராயன் இதை ஒப்புக்கொள்கிற ஆளா? வண்டியை மறுபடி கிளப்பினார், இன்னும் முறைப்பாக.

பாக்கியம் இரண்டு கைகளையும் அவர் இரண்டு தோளிலும் வைத்தாள். அழுத்தவில்லை. வெந்நீரில் குழந்தையின் கழுத்து ஆடாமல் தாங்குகிற பிடி அது. வலப்பக்கம் போகப் பார்த்த தோளை அங்கேயே நிறுத்தினாள். வண்டி நேராக ஓடியது. சந்து முனைவரை போய், கொட்டுகிற மழையில் திரும்பி, கடை வாசல்வரை நூல் பிடித்த மாதிரி வந்தது.

"நான் வேகத்தக் கொறச்சேன், அதான்" என்றார் இறங்கும்போது. அவர் சட்டை, வேட்டி, மீசை எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தன.

பூஜா ஓடிவந்து பாக்கியத்தை இறக்கினாள். ஜிப்பைத் திறந்ததும் சுடிதார் காலையில் மடித்த மடிப்போடு இருந்தது. சுப்புராயன் யாரையும் நம்பாமல் தானே முழங்கால் பக்கம் தொட்டுப் பார்த்தார். இடுப்புப் பக்கம் பார்த்தார். கழுத்துப் பட்டையில் விரலை விட்டபோது முகம் மலர்ந்தது.

"இதோ. ஈரம்."

"அது வேர்வய்யா" என்றாள் பாக்கியம். "உள்ள புழுங்குது."

"ஈரம் ஈரம்தான். மழைல நனைஞ்சா இன்னா, வேர்வைல நனைஞ்சா இன்னா?"

"கக்கத்துக்குக் கீழ ஜிப்பு இருக்கு அங்கிள், மழை விட்டதும் திறந்துவிட்டா காத்து போகும்" என்றாள் பூஜா.

"ஓட்ட இல்லாத கோட்டுன்னு வித்துட்டு இப்ப ஓட்ட இருக்குன்றா பாரு."

பாக்கியம் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். கடை முழுக்கக் கேட்கிற குரலில்தான் அவளுக்குப் போனில் பேச வரும். "மேகலா, நாளைக்கு வராத. ஆமா, வாங்கியாச்சி. வண்டிலதான். ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான், இன்னா இப்ப? உங்க நைனாவா? இங்கதான் மொகத்தத் தூக்கி வெச்சிக்கினு நிக்கிறாரு. நீ அவருகிட்ட பேச வேணாம். பைய நானே பிரிச்சி துணிய அடுக்கிக்கறேன்."

அடுக்கிக்கறேன் என்ற சொல் காதில் விழுந்ததும் சுப்புராயன் சட்டென்று தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீர்தான்.

"அண்ணாச்சி, மதினி காஞ்சுபோயி வருதாவ, நீங்க நனைஞ்சுபோயி நிக்கியோ. உங்களுக்கும் ஒண்ணு எடுத்துருவமா?" என்றார் சண்முகசுந்தரம்.

"இந்த மழகாலம் போவட்டும். அப்பறம் வந்து சொல்றேன், உன் கோட்டு யோக்கியத இன்னான்னு."

"வாங்க. காப்பி வாங்கித் தாறேன்."

"உன் காப்பியில எவ்ளோ தண்ணியோ."

சொல்லிவிட்டு சுப்புராயன் படியிறங்கினார். நாலு கட்டடம் தள்ளி அந்த ஆட்டோ இன்னும் நின்றுகொண்டிருந்தது. வண்டியில் ஏறவில்லை. ஸ்டாண்டை எடுத்து, கைப்பிடியைப் பிடித்து, மழையில் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"ஏன்யா, ஓட்டலையா?" என்றாள் பின்னாலிருந்து பாக்கியம்.

"இந்தச் சந்து சரியில்ல. மெயின் ரோட்டாண்ட ஏறிக்கலாம்."

பாக்கியத்தின் பேன்ட் ஒன்றோடொன்று உரசிச் சரக்சரக்கென்று அவர் பின்னாலேயே வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டே நடந்தார். அந்த டேப்பு தை மாசத்துக்குள் உரியும் என்றார். உரியாவிட்டால் ஜிப்பு போகும் என்றார். அதுவும் போகாவிட்டால் எலி கடிக்கும் என்று, வெங்கட்நாராயணா ரோட்டு முனைவரை, மழைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.